கடைசி நாள் படிவத்தை நம்பாதீர்கள்

மருத்துவக் கல்லூரியில் ஒரு கோர்ஸ் முடிந்ததும் அது உருப்படியாக நடந்ததா என்று பார்க்கும் வேலையில், ஒரே ஒரு பிழை மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. கடைசி வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் பின்னூட்டப் படிவத்தை நீட்டுவதுதான் அது. காகிதமா கூகுள் ஃபார்மா, ஐந்து புள்ளி அளவா பத்துப் புள்ளி அளவா என்பதெல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. பெயர் கேட்காதீர்கள், கேள்விகளைக் குறையுங்கள், அவ்வளவுதான். எப்போது கேட்கிறோம், யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துறைக் கூட்டங்களில் இதைச் சொல்லிச் சொல்லியே 'எதற்கெடுத்தாலும் குறை சொல்பவள்' என்று பெயர் வாங்கியவள் நான். அதனால் இங்கே இன்னும் உரக்கவே சொல்கிறேன்.

2019-இல் மருத்துவக் கவுன்சில் புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, எம்பிபிஎஸ் முதலாண்டின் தொடக்கத்தில் ஒரு மாத ஃபவுண்டேஷன் கோர்ஸ் வந்தது. அப்போது அது மொத்தம் 175 மணி. அதில் மொழிக்கும் கணினிக்கும் 40 மணி. நோயாளியிடம் அவர் மொழியில் பேசப் பழக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அந்த மாணவர் முறையாக வார்டுக்குள் போவது இரண்டாம் ஆண்டில். இப்படிப்பட்ட கோர்ஸை அதன் கடைசி நாள் மாலையில் மதிப்பிட்டால் என்ன கிடைக்கும்? நீட் படிப்பின் களைப்பிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள், பரீட்சையே இல்லாத அந்த நாட்களைப் 'பிரமாதம்' என்பார்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் சமையல் எப்படி என்று கேட்பதற்கு ஒப்பான காரியம் அது. டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-இலேயே பயிற்சிகளை மதிப்பிட நான்கு படிகள் வகுத்துக் கொடுத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அது தெரிகிறதா, அதனால் பலன் விளைந்ததா. நாம் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு அறிக்கை எழுதுகிறோம்.

அந்த முதல் படியும் எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்பதற்கு 2018-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வே போதும். மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவம் படித்த 118 மாணவர்களை 20 குழுக்களாகப் பிரித்து, பாதிக் குழுக்களுக்கு மட்டும் வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். பிஸ்கட் கிடைத்தவர்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். கண்டிப்பாக இருப்பவர்களுக்குப் படிவத்தில் ஏன் மதிப்பெண் குறைகிறது என்று இனி யாரும் என்னிடம் விளக்கம் கேட்க வேண்டாம். இதற்காக மாணவர் கருத்தையே தள்ளிவிடலாமா என்றால், கூடாது. வகுப்பு குறித்த நேரத்தில் நடந்ததா, 200 பேர் அரங்கில் பின்வரிசைக்குக் கேட்டதா, செயல்முறை வகுப்பில் கருவி கைக்கு வந்ததா என்பதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. கடைசி நாளில் இவற்றை மட்டும் கேளுங்கள். 'கற்றீர்களா?' என்று கேட்காதீர்கள். அது அவர்களுக்கே அன்று தெரியாது.

அதை வேலை நடக்கும் இடத்தில்தான் பார்க்க வேண்டும். மும்பை சயன் மருத்துவமனையின் நகர்ப்புற சுகாதார மையம் தாராவியில் இருக்கிறது. மக்கள் அதை 'சோட்டா சயன்' என்பார்கள். அங்கே காசநோய் மருந்து தொடங்கும் ஒரு தமிழ்ப் பாட்டியிடம், இருமல் நின்றாலும் ஆறு மாதம் முழுவதும் ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதை அவருக்கு விளங்குகிற மாதிரி ஒரு மாணவரால் சொல்ல முடிகிறதா? பாட்டி அதைத் திருப்பிச் சொல்கிறாரா? மாணவருக்குத் தமிழ் வராவிட்டால், பக்கத்தில் நிற்பவரை மொழிபெயர்க்கச் சொல்லிப் புரியவைக்கத் தெரிகிறதா? ஃபவுண்டேஷன் கோர்ஸின் மதிப்பெண் இதுதான். 'அதற்குள் ஓராண்டு ஓடிவிடும், அடுத்த பேட்சும் வந்துவிடும்' என்பார்கள். போன ஆண்டு அதே கோர்ஸை முடித்த பேட்ச் இப்போது வார்டில்தானே நிற்கிறது? அவர்களைப் பாருங்கள். 'மாணவர்கள் சிதறிவிடுவார்கள்' என்பது அதைவிட நொண்டிச் சாக்கு. நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப், எல்லாம் அதே வளாகத்தில். 'இடையில் மற்ற துறைகள் கற்றுத்தந்ததும் கலந்திருக்குமே' என்ற கேள்வி மட்டும் நியாயமானது. ஆனால் நாம் மருந்துப் பரிசோதனை நடத்தவில்லை. வருகிற ஆண்டு எதை வெட்டுவது, எதை நீட்டுவது என்று முடிவெடுக்கத்தான் பார்க்கிறோம். அதற்கு இந்த அளவு தெளிவு போதும்.

மிஞ்சுவது 'நேரமில்லை' என்ற மறுப்பு. மாணவர்களின் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டே கை ஓய்ந்துபோன ஆசிரியர்கள் சொல்வது பொய்யல்ல. அதனால்தான் முப்பது கேள்விப் படிவத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறேன். வார்டில் இருக்கும் ரெசிடென்டிடமும் இன்டர்னிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்தக் கோர்ஸில் சொல்லித்தந்திருக்க வேண்டியது எது, இங்கே வந்து தடுமாறியது எதில்? பதில்கள் இரண்டு வரி, மூன்று வரிதான் இருக்கும். முலுண்டில் ஸ்லோ லோக்கல் ஏறி சயனில் இறங்குவதற்குள் ஒரு பேட்சின் பதில்களைப் படித்துவிடலாம். உட்கார இடம் கிடைத்தால் குறிப்பும் எடுக்கலாம். பத்துப் பேர் ஒரே இடத்தில் தடுமாறியிருந்தால் அடுத்த ஆண்டு அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றினீர்கள் என்பதைப் பதில் சொன்னவர்களுக்கு ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். டீன் அலுவலகம் சராசரி எண் கேட்டு நச்சரித்தால், வகுப்பு நேரத்தைப் பற்றிய அந்தக் கடைசி நாள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்பது அதுதான்.