பெருங்காயத்தூள்: மணம் போனதும் கெட்டுப்போனதும் ஒன்றல்ல

கடையில் டப்பாவில் விற்கும் பெருங்காயத்தூள் முழுக்கப் பெருங்காயம் அல்ல. ஈரான், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் வறண்ட நிலத்தில் வளரும் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பிசின் அதில் ஒரு பங்குதான். மீதி மைதா அல்லது அரிசி மாவும் கோந்தும். இது கலப்படமல்ல, கூட்டுப் பெருங்காயம் என்ற பெயரில் சட்டம் அனுமதிக்கும் கலவை. பிசினும் மாவும் ஒரே மாதிரி பழசாவதில்லை என்பதால்தான் இத்தனை குழப்பம்.

பெருங்காயம் கெடவே கெடாது என்பது பலரின் எண்ணம். கட்டிப் பெருங்காயத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். தூளுக்குப் பொருந்தாது. மணத்தைத் தருபவை எளிதில் ஆவியாகும் கந்தகச் சேர்மங்கள். தூளாக அரைத்ததும் காற்றுப் படும் பரப்பு பெருகி அவை வேகமாக வெளியேறுகின்றன. மணம் போன தூளால் கெடுதல் இல்லை, குழம்புக்குப் பயனும் இல்லை. உண்மையில் கெடுவது மாவு. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், வண்டு வைக்கும்.

மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைத்தால் தூள் புதிது என்பதும் தவறு. பிளாஸ்டிக் இந்த வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாழ்ந்து கெட்டவரைக் காலிப் பெருங்காய டப்பா என்று ஊரார் சொல்வது இந்த அனுபவத்தில்தான். சோதிக்க வேண்டியது தூளை, டப்பாவை அல்ல. கால் தேக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி ஒரு சிட்டிகை போட்டால், நல்ல தூளின் காரநெடி உடனே எழுந்து, பிறகு வெங்காயமும் பூண்டும் வதங்குவது போன்ற மணமாக மாறும். வெறும் மாவு கருகும் வாசனை வந்தால் அதன் காலம் முடிந்தது.

நிறத்தை நம்ப முடியாது. சில தூள்களின் மஞ்சள் நிறம் மஞ்சள்தூளால் வந்தது.

நல்ல பெருங்காயம் கற்பூரம்போல் எரியும், தண்ணீரில் பால்போல் கரைந்து அடியில் எதுவும் தங்காது என்ற சோதனைகள் அடிக்கடி பரிந்துரைக்கப்படுகின்றன. அவை தூய பிசினுக்கானவை. கூட்டுத்தூளில் மாவு இருப்பதால் அது அப்படி எரியாது. தண்ணீரில் மாவு அடியில் தங்கத்தான் செய்யும். அதை வைத்துக் கலப்படம் என்று தூக்கியெறிவது வீண்.

தூள் கட்டிதட்டினாலே கெட்டது என்பதும் அப்படித்தான். கோந்தும் மாவும் ஈரத்தை இழுப்பவை. உலர்ந்த கட்டியை நசுக்கிப் பயன்படுத்தலாம். பூசண வாடையோ நூல்போன்ற படலமோ தெரிந்தால் மட்டும் கொட்டிவிட வேண்டும்.

கட்டிதட்டுவதற்கு முக்கியக் காரணம், கொதிக்கும் சாம்பாருக்கு நேர்மேலே டப்பாவைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கம். எழும் ஆவி துளை வழியே உள்ளே போகிறது. உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியும் அவ்வளவு உதவாது: வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த தூளில் ஈரம் படியும், மூடி சரியாக இல்லாவிட்டால் பாலும் தயிரும் பெருங்காயம் மணக்கும். அடுப்புக்கு எட்டத்தில், வெயில் படாத அலமாரியில், இறுக மூடிய கண்ணாடிப் புட்டி போதும். டப்பாவில் அச்சிட்ட தேதி பிரிக்காத தூளுக்கானது. பிரித்தபின் எண்ணெய்ச் சோதனையே கணக்கு. எனவே குறைவாகப் புழங்கும் வீட்டுக்குச் சின்ன டப்பா ஏற்றது, நீண்ட நாள் இருப்புக்குக் கட்டிப் பெருங்காயம்.