கிருபையின் பந்தி

தியானப் பகுதி: 2 சாமுவேல் 9:1-13, 2 கொரிந்தியர் 12:7-10



பெங்களூருவில் காக்ஸ் டவுனை அடுத்திருக்கும் ஜீவனஹள்ளியில் தமிழ் பேசும் விசுவாசக் குடும்பங்கள் அநேகம் உண்டு. அங்கே ஒரு சிறிய வீட்டில், பக்கவாதத்தால் படுத்த படுக்கையாயிருந்த ஒரு மூத்த விசுவாசியைச் சந்திக்கும்படி ஒருமுறை சென்றிருந்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போதித்தவர் அவர். ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து பாய்களை விரிப்பதும், எல்லாரும் சென்றபின் விளக்குகளை அணைத்துக் கதவைப் பூட்டுவதும் அவரே. இப்போது வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் குழறியது. அவருடைய மனைவி கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்ட வந்தபோது, அவர் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். சற்று நேரங்கழித்து என்னிடம், "தம்பி, இத்தனை வருஷம் ஆண்டவருக்காக ஓடினேன். இனிமேல் என்னால் அவருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார்.

வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் வார்த்தைகளைச் சொல்லி, ஜெபித்துவிட்டுத் திரும்பினேன். அவை அவருடைய உள்ளத்தைத் தொடவில்லை என்பது எனக்கே தெரிந்தது. வீடு திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது சுகவீனத்தைப் பற்றிய கேள்வி மாத்திரமல்ல, கிருபையைப் பற்றிய கேள்வி. தேவனிடத்தில் நமக்குள்ள இடம் நம்முடைய பிரயோஜனத்தைச் சார்ந்ததென்றால், பிரயோஜனம் போகும் நாளில் அந்த இடமும் போய்விடும் அல்லவா?

கிருபையினால் இரட்சிக்கப்பட்டோம் என்று நாம் எல்லாரும் சாட்சி கூறுகிறோம். ஆனால் இரட்சிக்கப்பட்ட மறுநாளே கணக்கு எழுத ஆரம்பித்துவிடுகிறோம். ஜெபித்த நேரம், வாசித்த அதிகாரங்கள், கொடுத்த காணிக்கை, செய்த ஊழியம் இவற்றைக் கூட்டிப் பார்க்கிறோம். தொகை நிறைவாயிருந்தால் தேவன் நம்மேல் பிரியமாயிருக்கிறார் என்று எண்ணுகிறோம். குறைந்தால் அவர் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று கலங்குகிறோம். வாசலில் கிருபை, வீட்டுக்குள்ளே கூலி! ஆவியினால் தொடங்கியதை மாம்சத்தினால் முடிக்கப் பார்த்த கலாத்திய சபையாரை அப்போஸ்தலனாகிய பவுல் கடிந்துகொண்டது இதற்காகவே (கலா. 3:3).

கிருபை என்று நம்முடைய வேதாகமத்தில் வருகிற சொல்லுக்குப் புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கில் "காரிஸ்" என்று பெயர். சந்தோஷத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. கொடுக்கிறவர் தம்முடைய மகிழ்ச்சியினால் கொடுப்பது கிருபை; பெறுகிறவன் தகுதியினால் பெறுவது கூலி. இந்த வித்தியாசத்தைப் பழைய ஏற்பாட்டில் ஒரு மனிதனுடைய வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்வோம். அவன் பெயர் மேவிபோசேத்.

1. கிருபை நம்மைத் தேடி வருகிறது

மேவிபோசேத் சவுலின் பேரன், யோனத்தானின் மகன். அவன் ஐந்து வயதுப் பிள்ளையாயிருக்கையில், சவுலும் யோனத்தானும் போரில் மாண்ட செய்தி வந்தது. அவனை வளர்த்த தாதி அவனைத் தூக்கிக்கொண்டு அவசரமாக ஓடும்போது அவன் விழுந்து, இரண்டு கால்களும் முடமாகிப் போயின (2 சாமு. 4:4). அது அவனுடைய குற்றமல்ல; ஆனாலும் வாழ்நாள் முழுவதும் அவன் சுமக்கவேண்டிய விளைவு. பின்பு அவன் லோதேபார் என்னும் ஊரில், வேறொருவன் வீட்டில் தங்கியிருந்தான்.

அந்நாட்களில் புதிய ராஜா பழைய ராஜாவின் வாரிசுகளைத் தேடினால், அழிப்பதற்கே தேடுவான். தாவீதோ சவுலின் குடும்பத்தில் மீதியாயிருப்பவனைத் தயை செய்வதற்காகத் தேடினான். காரணம் மேவிபோசேத்திடம் இல்லை. தாவீதுக்கும் யோனத்தானுக்கும் இடையில் நெடுநாட்களுக்கு முன்னே ஓர் உடன்படிக்கை உண்டாயிருந்தது (1 சாமு. 20:14-17). அதைக் குறித்து மேவிபோசேத் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பேசும் வயதிலும் அவன் அப்போது இல்லை. வேறொருவர்நிமித்தம் அவனுக்குத் தயை கிடைத்தது.

பிரியமானவர்களே, நாமும் வேறொருவர்நிமித்தமே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறோம். கல்வாரியில் சிந்தப்பட்ட இரத்தத்தினால் உண்டான உடன்படிக்கையே நமக்கு ஆதாரம். நாம் பிறப்பதற்கு முன்னே செய்யப்பட்ட ஒன்றை, நம்முடைய கை சோர்ந்துபோவதால் இழந்துவிட முடியுமா?

2. கிருபை நம்மைத் தினந்தோறும் போஷிக்கிறது

ராஜாவுக்கு முன்பாக முகங்குப்புற விழுந்த மேவிபோசேத், தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டுப் பேசினான் (வச. 8). தாவீது அந்தப் பேச்சை மறுத்து வாதாடவில்லை. "நீ திறமையுள்ளவன்" என்று புகழவுமில்லை. உடனே சீபாவை அழைத்து, சவுலின் நிலங்களை மேவிபோசேத்துக்குத் திரும்பக் கொடுத்ததை அறிவித்தான். சீபாவும், அவனுடைய பதினைந்து குமாரரும், இருபது வேலைக்காரரும் அந்த நிலத்தைப் பயிரிடவேண்டும் என்றும், மேவிபோசேத் நித்தமும் தன் பந்தியில் போஜனம்பண்ணவேண்டும் என்றும் கட்டளையிட்டான். நம்முடைய தாழ்வு மனப்பான்மைக்குத் தேவன் தருகிற பதிலும் இதுவே. அவர் நம்மைக் குறித்துப் புகழ்ச்சி சொல்வதற்குப் பதிலாக, தம்முடைய பந்தியில் இடங்கொடுக்கிறார்.

இந்த அதிகாரம் முடிகிற விதத்தைக் கவனியுங்கள். அவன் நித்தமும் ராஜாவின் பந்தியில் உண்டான் என்பதோடு, அவனுடைய இரு கால்களும் முடம் என்பதும் கடைசி வசனத்தில் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. பந்தியில் அமர்ந்த பின்னும் கால்கள் சரியாகவில்லை. கால்கள் சரியாகவில்லை என்பதற்காகப் பந்தியில் அவன் இடம் பறிபோகவும் இல்லை. நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே எதிர்பார்க்கிறோம்: கிருபை உண்டானால் முடம் நீங்கவேண்டும், முடம் நீங்காவிட்டால் கிருபை இல்லை. வேதமோ இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறது.

3. கிருபை பெலவீனத்தில் தங்குகிறது

பவுலும் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். முள் நீங்கவில்லை. தமது கிருபையே அவனுக்குப் போதுமானது என்றும், பெலவீனத்தின் நடுவில்தான் தமது வல்லமை நிறைவாய் விளங்கும் என்றும் ஆண்டவர் அவனுக்கு உணர்த்தினார். அதன்பின் பவுல் பெலவீனத்தைச் சகித்துக்கொண்டது மாத்திரமல்ல, அதைக் குறித்து மேன்மைபாராட்டவும் கற்றுக்கொண்டான்.

இதற்கு நம்முடைய தேசத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1867-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் அம்மையார், 1895-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தபோது முதலாவது தங்கி ஊழியம் செய்தது இதே பெங்களூருவில்தான். தமிழ் மொழியைக் கற்கத் தொடங்கியதும் இங்கேதான். அடுத்த ஆண்டின் முடிவில் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். 1901-ஆம் ஆண்டு, கோவிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து தோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயானார். ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. ஓய்வறியாமல் ஓடிய பாதங்கள் அவருடையவை.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் தேதி, களக்காட்டில் ஊழியத்துக்கென்று ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றவர், மாலை மங்கலில் அங்கே தோண்டப்பட்டிருந்த ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் பாதிக்கப்பட்டது. விரைவில் எழுந்து நடப்பார் என்று எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் 1951-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம்முடைய அறையிலும் கட்டிலிலுமே அவர் காலங்கழித்தார். வலியும் தூக்கமற்ற இரவுகளும் அவரை விட்டு நீங்கவில்லை.

சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல் புத்தகங்கள் நோயாளியின் உள்ளத்தை எட்டுவதில்லை என்பதை அவர் படுக்கையில் உணர்ந்தார். ஆகவே நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகவே எழுதினார். 1933-ஆம் ஆண்டு அது புத்தகமாக வெளிவந்தது. அதற்குப் பின்னும் பல நூல்கள் அந்த அறையிலிருந்து பிறந்தன. ஆனால் இதை வாசிக்கும் நாம், "பார், படுக்கையிலும் எவ்வளவு பிரயோஜனமாயிருந்தார்" என்று மறுபடியும் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடக் கூடாது. அவர் ஒரு வரியும் எழுதாதிருந்தாலும் ராஜாவின் பந்தியில் அவருடைய இடம் அப்படியே இருந்திருக்கும். எழுதியது இடத்தைச் சம்பாதிப்பதற்காக அல்ல. இடம் பெற்றவரின் நன்றியாக எழுதினார்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். பெண் பிள்ளைகளைத் தேவதாசிகளாக அர்ப்பணிப்பதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டு நிறைவேறியது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி முதலானோர் அதற்காக நெடுங்காலம் போராடினார்கள். அது நிறைவேறியபோது எமி அம்மையார் படுக்கையில் இருந்தார். நாம் ஓடாத நாட்களிலும் தேவனுடைய காரியம் ஓடிக்கொண்டிருக்கிறது. இது நம்மைச் சிறுமைப்படுத்தும் செய்தியல்ல, நம்முடைய தோள்களிலிருந்து பாரத்தை இறக்கிவைக்கும் நற்செய்தி.

அவர் தம்முடைய கல்லறையின்மேல் நினைவுக்கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளோ பறவைகள் தண்ணீர் அருந்த ஒரு கல்தொட்டியை அங்கே வைத்தார்கள். அதிலே அவர் செய்தவற்றின் பட்டியல் இல்லை. தாயை அழைக்கும் ஒரு சொல் மட்டுமே உண்டு.

4. கிருபை நம்மைப் பயிற்றுவிக்கிறது

"எல்லாம் கிருபை என்றால், எப்படியும் வாழலாமா?" என்று ஒருவர் கேட்கலாம். ரோமர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, "ஒருக்காலும் இல்லை" என்னும் கருத்தில் விடையளிக்கிறான். தீத்து 2:11-12 இன்னும் தெளிவாய்ப் போதிக்கிறது: கிருபையே நமக்கு ஆசிரியராயிருந்து, அவபக்தியை வெறுக்கவும் தெளிந்த புத்தியோடு வாழவும் நம்மைப் பழக்குகிறது.

மேவிபோசேத்தின் பிற்கால வாழ்க்கை இதற்கு அத்தாட்சி. அப்சலோமுக்குத் தப்பித் தாவீது ஓடிய நாட்களில், சீபா அவன்மேல் பழிசொல்லி நிலங்களைத் தனதாக்கிக்கொண்டான். தாவீது திரும்பி வந்து, நிலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னபோது, மேவிபோசேத் எல்லாவற்றையும் சீபாவே எடுத்துக்கொள்ளட்டும், ராஜா சமாதானமாய்த் திரும்பி வந்ததே போதும் என்றான் (2 சாமு. 19:24-30). ஆண்டுக்கணக்காய்ப் பந்தியில் அமர்ந்தவன், பந்தியின் பதார்த்தங்களைவிட ராஜாவின் முகத்தை அதிகமாய் நேசிக்கக் கற்றிருந்தான். பயத்தினால் வரும் கீழ்ப்படிதல் பயம் தெளிந்தவுடன் நின்றுபோகும். கிருபையினால் வரும் அன்போ இழப்பிலும் நிலைத்திருக்கும்.

கிருபையில் வாழ்வது எப்படி?

முதலாவது, ஒவ்வொரு நாளையும் செய்வதில் அல்ல, பெறுவதில் தொடங்குவோம். வேலைக்கு ஓடுமுன் சில நிமிடங்கள் அமர்ந்து, கிறிஸ்துவுக்குள் நமக்கு ஏற்கெனவே அருளப்பட்டவற்றை நினைத்து ஸ்தோத்திரிப்போம்.

இரண்டாவது, விழுந்துபோகும்போது ஒளிந்துகொள்ளாமல் கிருபாசனத்தண்டையில் தைரியமாய்ச் சேருவோம் (எபி. 4:16). நம்முடைய தோல்வியைத் தேவன் நமக்கு முன்பே அறிந்திருக்கிறார்.

மூன்றாவது, பிறருடைய உதவியை வெட்கப்படாமல் ஏற்றுக்கொள்வோம். கொடுக்க மட்டுமே அறிந்து, பெற அறியாதவர்கள் கிருபையின் பாதியை இழந்துபோகிறார்கள்.

நான்காவது, சபைக்கு வரமுடியாதவர்களை மறவாதிருப்போம். முதியோர், நோயாளிகள், மனச்சோர்வில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் ஆகியோரிடம், ஊழியர்கள் திருவிருந்தைக் கொண்டுசெல்லும்போது நாமும் உடன்செல்வோம். அவர்கள் நம்முடைய அனுதாபத்துக்குரியவர்கள் மாத்திரமல்லர். நம்மோடு ஒரே பந்தியில் இருப்பவர்கள்.

இரண்டு வாரங்கழித்து மறுபடியும் ஜீவனஹள்ளிக்குச் சென்றேன். இம்முறை புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. 2 சாமுவேல் ஒன்பதாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தேன். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், நான் வாசித்து முடித்ததும் குழறிய குரலில், "தம்பி, அவனுக்கு இரண்டு காலும் வராதே. தினமும் அவனைப் பந்திக்கு யார் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்?" என்று கேட்டார்.

அதைப் பற்றி நான் அதுவரை நினைத்ததே இல்லை. ஆம், ஒவ்வொரு வேளையும் யாரோ ஒருவர் அவனைத் தாங்கி வந்திருக்கவேண்டும். அவனும் ஒவ்வொரு வேளையும் அதற்கு இணங்கியிருக்கவேண்டும். தூக்கப்படுவதற்கு வெட்கப்பட்டிருந்தால், பந்தி ஆயத்தமாயிருந்தும் அவன் பசியோடே இருந்திருப்பான்.

அப்போது அவருடைய மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து அருகே அமர்ந்தார். பெரியவர் சற்று நேரம் அவரைப் பார்த்தார். பின்பு முகத்தைத் திருப்பாமல் வாயைத் திறந்தார்.

பிரியமானவர்களே, இன்று உங்கள் கை பெலனாயிருக்கலாம், தளர்ந்தும் இருக்கலாம். இரண்டு நிலையிலும் பந்தி ஒன்றே, ராஜா ஒருவரே. தேவன்தாமே தம்முடைய கிருபையில் நம்மை நிலைநிறுத்துவாராக.

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, எங்கள் பிரயோஜனத்தைப் பாராமல் உமது குமாரன்நிமித்தம் எங்களை ஏற்றுக்கொண்டதற்காக ஸ்தோத்திரம். பெலனுள்ள நாளில் பெருமைகொள்ளாமலும், பெலனற்ற நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமலும், உமது கையிலிருந்து வாங்கி உண்ண எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.