கடலோர வீட்டில் ஓவியரின் லேப்டாப்

கேள்வி: சிறுவர் புத்தகங்களுக்குக் கணினியில் படம் வரைகிறேன். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. எந்த மாதிரி லேப்டாப் வாங்கலாம்? உப்புக்காற்றில் தாங்குமா?
– வாசகி, கொட்டிவாக்கம்

பதில்: உங்கள் வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது திரை. விலை குறைந்த பல லேப்டாப்களின் விவரக்குறிப்பில் '45% என்.டி.எஸ்.சி' என்று இருக்கும். அதில் சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரியும். அதை நம்பி நிறம் தீட்டினால் அச்சில் வேறாக வரும். '100% எஸ்.ஆர்.ஜி.பி' என்று போட்டிருப்பதையே கேளுங்கள். அடுத்தது 16 ஜி.பி. ரேம். பல மெல்லிய மாடல்களில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்கே போனாலும், கடையில் உங்கள் ஓவியம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

உப்புக்காற்று உண்மையான எதிரிதான். ஈரத்தோடு படியும் உப்பு, யு.எஸ்.பி. முனைகளையும் உள்ளே இருக்கும் இணைப்புகளையும் மெல்ல அரிக்கும். கடல் பக்க ஜன்னலருகே வைத்து வேலை செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு பையில் மூடி வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துப் போனால், பைக்குள்ளேயே சிறிது நேரம் விட்டுச் சூடு சமமான பிறகு திறங்கள். இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். ஆண்டுக்கொரு முறை விசிறியைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே இருக்குமானால், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஓவியங்களின் நகல்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் சென்னை. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று வையுங்கள். மெஷின் போனால் வாங்கிக்கொள்ளலாம். வரைந்த படம் போனால் போனதுதான்.