கரிசலிற் காத்திருக்கும் புழு

கழுகுமலையைச் சூழ்ந்த கரிசல் நிலத்தைச் சித்திரை மாதத்தில் காண்போர், பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும் அம்மண்ணில் ஜீவன் ஏதும் தங்கியிருக்குமென்று எண்ணார். ஐப்பசி மழை பெய்ததும் அதே மண்ணில் நூற்புழுக்கள் நெளியத் தொடங்கும். பூமியிலுள்ள பிராணிகளுள் தொகையில் முந்தி நிற்பன இவையே. மண்ணில் வாழ்வனவற்றுள் பெரும்பாலானவை வெறுங்கண்ணுக்குப் புலப்படா. பஞ்ச காலத்தை இவை கடப்பது எங்ஙனம்?

ஒவ்வோரினத்துக்கும் ஒவ்வொரு வழி உண்டு. அவற்றுள் மிக நுட்பமாக ஆராயப்பட்டது, ஸீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் வழியாம். முட்டையினின்று வெளிவந்த இப்புழு நான்கு முறை தோலுரித்து, மூன்று நாளில் முதிர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் மடியும். ஆனால் இரை குறைந்து, இனம் நெருங்கி, வெப்பமும் மிகுமாயின் இளம்புழு வேறு வழி செல்லும். வாய் அடைபடும், தோல் தடிக்கும், உடலிற் சேர்த்த கொழுப்பே உணவாகும். இவ்வாறு பல மாதம் உண்ணாது கிடக்கும். இரை மீண்டால் சில மணி நேரத்தில் விழித்து, விட்ட இடத்தினின்று வளர்ந்து முதிரும். நீடித்தலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லால் இப்பருவத்தை 'டௌவர்' என்பர்.

இத்தீர்மானத்தைச் செய்வது யார்? மரபணுக்களே என்று கூறி அமைதல் பொருந்தாது. அவை புறத்தினின்று வரும் செய்திக்குச் செவிசாய்ப்பன. இப்புழுக்கள் ஒருவகை வாசனைப் பொருளை வெளியிடுகின்றன. கூட்டம் பெருகின் அது மிகும். தலையிலுள்ள நரம்பணுக்கள் அதனையும் இரையின் அறிகுறியையும் உணரும். நல்ல காலத்தில் இன்சுலினை ஒத்த சுரப்புக்கள் உடலிற் பரவ, டாஃப்-2 என்னும் மரபணு ஆக்கும் புரதம் அவற்றை ஏற்கும்; வளர்ச்சி தொடரும். அச்செய்தி குன்றினால், டாஃப்-16 மரபணுவின் புரதம் உயிரணுவின் கருவினுள் புகுந்து, காப்புத் தொழிலுக்குரிய மரபணுக்களை எழுப்பும். நீரிழிவு நோயாளர் ஊசியாற் பெறும் இன்சுலினுக்கு இச்சுரப்புக்கள் உறவாதல் நமக்கு வியப்பையே தருகின்றது. 1993-இல் ஸிந்தியா கென்யன் முதலியோர், டாஃப்-2 பழுதுற்ற புழுக்கள் இருமடங்குக்கு மேல் வாழக் கண்டனர். டௌவர்ப் புழு மெல்ல உலருங்கால் டிரெஹாலோஸ் என்னும் சர்க்கரையை மிகுதியாக ஆக்கிக்கொள்வதும், அதனை ஆக்கும் மரபணுக்களை இழந்த புழு உலர்வில் மாள்வதும் 2011-இல் அறியப்பட்டன.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான புழுவொன்று உண்டு. கோயம்புத்தூரிற் கிடைத்து, 1992-இல் புதிய இனமென அறிவிக்கப்பெற்ற அது ஹெட்டிரோராப்டைட்டிஸ் இண்டிகா எனப்படும். அதன் இளம்பருவமொன்று டௌவருக்கு நேரானது. உண்ணாது மண்ணிற் காத்திருந்து, பூச்சியின் உடலுட் புகுந்ததும் விழித்து, தான் சுமந்த பாக்டீரியாவை விடுத்து, அப்பூச்சியை இரண்டொரு நாளிற் கொல்லும். பயிரின் வேரைக் கடிக்கும் வண்டுப்புழுக்களை ஒழிக்க உழவர் இடுவது இப்பருவத்தையே. பொறுமை மிக்கதாயினும் சுடுவெயிலையும் வறண்ட மண்ணையும் அது நெடிது தாங்காது. ஆதலின் கரிசற்காட்டு உழவர், மழை பெய்து மண் நனைந்த பின், வெயில் தாழ்ந்த மாலை வேளையில் இதனை இடுதல் வேண்டும். கோடையில் வெடித்த நிலத்தில் தூவின், கைப்பொருளே கெடும்.