மருந்து கேட்காமல் போவது ஏன்?

மாணவர்களே, கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் களைக்கு மருந்து அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில நாள்களில் புல் காய்ந்துவிடும். ஆனால் 1997இல், நமக்கு வடக்கே, பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் வட்டாரத்தில் 'ரும்புட் சம்பாவ்' என்னும் புல் கிளைபோசேட் மருந்துக்குச் சாகவில்லை. ஏன்?

அம்மருந்து புல்லிலுள்ள ஒரு நொதியை முடக்குகிறது. சில செடிகளில் அந்நொதியின் 106ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருந்தது. மற்றச் செடிகள் மடிய, அவை மட்டும் பிழைத்து விதைவிட்டுப் பெருகின. இதுவே இயற்கைத் தேர்வு.

நுரையீரலிலும் இதே கதை

நுரையீரல் புற்றுநோயாளிகள் சிலரிடம் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் புரதம் பழுதடைந்து, 'பெருகு, பெருகு' என்று உயிரணுவை ஓயாமல் தூண்டும். கெஃபிட்டினிப் மாத்திரை அதை அடக்கும், கட்டி சுருங்கும். காலப்போக்கில் கட்டி மீண்டும் வளரும். அப்போது ஏறக்குறைய பாதிப் பேரிடம் அப்புரதத்தின் 790ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருக்கும்.

அடுத்து என்ன?

1. மறுபரிசோதனை: கட்டியின் திசுவிலோ, இரத்தத்தில் கலந்துள்ள கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளிலோ புதிய மாற்றத்தைத் தேடுவர்.

2. வேறு மாத்திரை: 790ஆம் இடம் மாறியிருந்தால் ஓசிமெர்டினிப் உதவும். அமெரிக்கா 2015 நவம்பரில் இதற்கு அனுமதி தந்தது. இன்று பலருக்கு இதையே முதல் மருந்தாகத் தருகிறார்கள். இதையும் எதிர்க்கும் புற்றணுக்கள் தோன்றுவதுண்டு.

3. பிற வழிகள்: கீமோதெரபி தரலாம். ஓரிரு இடங்களில் மட்டும் கட்டி வளர்ந்தால் கதிர்வீச்சு உதவலாம். புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளிலும் சேரலாம்.

4. நோய்தணிப்புப் பராமரிப்பு: வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைக்கும் மருத்துவம் இது. 'கைவிட்டுவிட்டார்கள்' என்பது இதன் பொருளன்று. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் மற்றவர்களைவிட நலமாகவும் சற்று நீண்ட நாளும் வாழ்ந்தனர்.

'பத்தியம் இருக்கவில்லை, அதனால்தான் மருந்து கேட்கவில்லை' என்று வீட்டில் யாராவது நோயாளியைக் குறை சொல்லக்கூடும். மாறியது புற்றணு, தவறு நோயாளியுடையதன்று என்று எடுத்துச் சொல்லுங்கள். 'மீண்டும் மரபணுப் பரிசோதனை செய்யலாமா?' என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

சிந்திக்க: வெவ்வேறு விதமாகச் செயல்படும் இரண்டு களைக்கொல்லிகளைச் சேர்த்து அடித்தால், எதிர்ப்புடைய களை பெருகுவது ஏன் தாமதமாகும்?