பூசணிக்காய் இனிப்பாகும் விதம்

கொடிக்காய்களுள் நீற்றுப் பூசணியைப் போன்று சுவையற்றது வேறொன்றில்லை என்றே சொல்லலாம். அதன் சதையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு நீரேயாகும். தனக்கென மணமோ சுவையோ பெரிதும் இல்லாத இக்காயிலிருந்தே ஆக்ரா நகரின் புகழ்பெற்ற இனிப்பாகிய பேட்டா செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் சில பகுதிகளில் மஞ்சள் நிறப் பரங்கியையும் பூசணி என்றே வழங்குவர். இங்குக் குறிக்கப்படுவது தோலின்மேல் சாம்பல் பூத்த, வெண்சதையுள்ள காயாகும். காசி அல்வாவுக்குப் பயன்படுவதும் இதுவே.

பேட்டாவுக்கு நன்கு முற்றிய காயே ஏற்றது. இளங்காயின் சதை பாகில் குழைந்துவிடும். முற்றிய காயின்மேல் படியும் சாம்பல் உண்மையில் ஒருவகை மெழுகு. அது உள்ளிருக்கும் நீரை எளிதில் வெளியேற விடாமையால், காய் காற்றோட்டமான இடத்தில் பல மாதங்கள் கெடாதிருக்கும்.

தோலையும் விதையுள்ள நடுப்பகுதியையும் நீக்கி, சதையைத் துண்டுகளாக்கி, முள் போன்ற கருவியால் எங்கும் குத்தித் துளையிடுவர். பின்னர் அவற்றைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பர். இம்முறையின் உயிர்நிலை இதுவே. காயின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் பொருள் பெக்டின் எனப்படும். வேகும்போது அது கரைவதாலேயே காய்கறிகள் மென்மையாகின்றன. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பெக்டினுடன் சேர்ந்து எளிதில் கரையாத பொருளாக மாறுகிறது. ஆகவே எவ்வளவு வெந்தாலும் துண்டு உருக்குலைவதில்லை.

ஊறிய துண்டுகளைச் சுண்ணாம்பு அறவே நீங்கும்வரை பலமுறை அலசவேண்டும். போதுமான அளவு அலசியாயிற்றா என்பதை அறிய, அலசிய நீரில் ஒரு துளியை மஞ்சள் தடவிய தாளில் இடலாம். தாள் சிவந்தால் காரம் இன்னும் எஞ்சியுள்ளது என்பது பொருள்.

அடுத்துத் துண்டுகளை வேகவைப்பர். உயிருள்ள செல்லின் சவ்வு நீரை எளிதில் விடுமேயன்றிச் சர்க்கரையை விடாது. வெப்பத்தால் அத்தடை நீங்கியபின்னரே பாகு உள்ளே புகும். முதலில் இளம்பாகிலும் பிறகு படிப்படியாகக் கெட்டிப் பாகிலும் இடுவதற்கும் காரணம் உண்டு. தொடக்கத்திலேயே கெட்டிப் பாகில் இட்டால் சர்க்கரை உட்புகுமுன் நீர் விரைந்து வெளியேறித் துண்டு சுருங்கிவிடும். முடிவில் சர்க்கரை மிகுந்து செறிந்திருப்பதால் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வேண்டிய நீர் கிடைப்பதில்லை. உலர்ந்த பேட்டா பல நாள் கெடாதிருப்பது இதனாலேயே.

வகுப்பில் இதை எளிதாகக் காட்டலாம். ஒரே அளவான இரு துண்டுகளுள் ஒன்றைச் சுண்ணாம்புத் தெளிநீரிலும் மற்றொன்றை வெறும் நீரிலும் ஓரிரவு ஊறவைத்து, நன்கு அலசி, ஒரே நேரம் வேகவைத்து, விரலால் அழுத்திப் பார்க்கச் செய்க. சுண்ணாம்பு நீரை ஆசிரியரே கையாள்வது நலம். அது கண்ணில் படலாகாது.

பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் பர்வல் என்னும் சிறு காயைக் கீறி, விதை நீக்கி, வேகவைத்துப் பாகிலிட்டு, உள்ளே பால்கோவா அடைத்து இனிப்புச் செய்கின்றனர். சுரைக்காயைத் துருவிப் பாலில் வேகவைத்துக் கிண்டும் அல்வா வட இந்தியாவிலும் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் வழக்கில் உள்ளது.

சுரைக்காயில் மட்டும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பார்வைக்கு நற்காயாகவே தோன்றும் சில காய்கள் கடுங்கசப்பாக இருப்பதுண்டு. அக்கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் நச்சுத்தன்மை உடையது. சமைப்பதால் அது நீங்கிவிடும் என்று நம்புதல் கூடாது. கசந்த சுரைச்சாற்றைக் குடித்தோர் இறந்ததும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2012இல் வெளியாயிற்று. சாறு பிழியுமுன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்த்து, கசந்தால் எறிந்துவிடவேண்டும் என்பது அதன் அறிவுரை. பாகற்காய் கசந்தும் உண்ணப்படுகிறதே என்று மாணவர் வினவக்கூடும். பாகலுக்குக் கசப்பு இயல்பு. சுரைக்கு அது இயல்பன்று.

பலருக்குச் சமைக்கும் இடங்களில் ஒரு கசப்புக் காய் பாத்திரம் முழுவதையும் கெடுக்கும். சர்க்கரையோ கசப்பை ஓரளவு மறைத்துவிடும். ஆதலால் ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துணுக்கை நாவில் வைத்துப் பார்த்து உமிழ்ந்தபின்னரே துருவுதல் வேண்டும். கசந்த சுரையை உட்கொண்டபின் வாந்தியோ வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ கண்டால், இதற்கெனத் தனி மாற்றுமருந்து இல்லாமையால், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.