பூனையின் உரோமப் பராமரிப்பு

தெருப் பிராணிகளிடம் மக்களுக்குப் பரிவு தோன்ற வேண்டுமென்று 2013ஆம் ஆண்டில் பினாங்கு ஜார்ஜ் டவுன் சுவர்களில் பூனை ஓவியங்கள் தீட்டப்பட்டன. வீட்டுப் பூனையிடம் நாம் காட்டும் பரிவோ சீப்பில் தொடங்குகிறது.

பால்மரம் சீவித் திரும்பிய பின், பூனை அயர்ந்து படுத்திருக்கும் வேளையில், உரோமம் சாய்ந்துள்ள திசையிலேயே மெல்ல வாருதல் வேண்டும். உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ தென்பட்டால், நாய்க்கென வாங்கிய மருந்தைத் தடவுதல் கூடவே கூடாது. அவற்றுள் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துள்ளது. நாயின் ஈரல் அதனைச் சிதைத்துவிடும். பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. மேலும், பூனை தன் உடலை நக்கியே தூய்மை செய்யுமாதலால் நஞ்சு வயிற்றுக்குள்ளும் செல்லும். நடுக்கமும் வலிப்பும் கண்டு இறக்கவும் கூடும்.

அறியாமல் தடவிவிட்டால், நடுக்கம் காணுமுன்னரே பாத்திரம் கழுவும் சவர்க்காரமிட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மருந்துப் புட்டியையும் மறவாது எடுத்துச் செல்லுதல் நன்று.